ஜீப்பில் ஒரு பகல், கூடாரத்தில் ஒரு இரவு

கப்பல் கம்பெனி கொடுத்த காகிதத்தில் ஒட்டகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருந்ததை தியாகு தமிழாக்கிப் படித்தான்.

"ஜீப்பில் ஒரு பகல், கூடாரத்தில் ஒரு இரவு."

சூயஸில் பயணிகள் கப்பலை விட்டு இறங்கிக்கொள்ளலாம். கப்பல் கால்வாய் வழியாக ஊர்ந்து போர்ட் செய்த் போய்ச் சேருவதற்குள், அவர்கள் பாலைவனத்தின் குறுக்கே ஜீப்பிலும் ஒட்டகத்திலும் போய், ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, மறுநாள் அதே கப்பலில் ஏறிக்கொள்ளலாம். வழிகாட்டி உண்டு, சாப்பாடும் உண்டு.

"நீங்க ஒட்டகத்துலயா?" என்றாள் கோகிலா. "செங் ரோட்டுல சைக்கிள்லேருந்தே விழுந்தவரு."

"சைக்கிளுக்கு ரெண்டு சக்கரம். ஒட்டகத்துக்கு நாலு காலு. எப்படி விழுவேன்?"

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. தமிழ்ப் பள்ளி ஆசிரியனான தியாகுவுக்கு இங்கிலாந்தில் இரண்டு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. திரும்பி வரும்போது மலாயா சுதந்திர நாடாகியிருக்கும், அப்போது பள்ளிக்கூடங்களுக்கு ஆள் வேண்டும் என்று காஜா பேராங் வட்டாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆனால் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டான்.

"படிக்கப் போறவனுக்கு ஒட்டகம் எதுக்கு? நீயும் வந்தா போகலாம். தனியா போயி என்ன பாக்குறது?"

"ரெண்டு பேருல ஒருத்தராவது பாருங்களேன். வந்து எனக்குச் சொல்லுங்க."

"சொன்னா போதுமா? நீயும் கால் வச்சாத்தான் கணக்கு."

"போங்கன்னா போங்க. நான் இங்க காத்திருக்கிறது சும்மாவா? எனக்குக் கேக்க ஒரு கதை வேணும்."

1956 ஜனவரி முதல் வாரத்தில் அவன் கப்பல் ஏறினான். மாதக் கடைசியில் விமானத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. நல்லபடியாக வந்து சேர்ந்தான். குளிர் கடுமை. பாலைவனத்துக்குப் போனான். 'அதைத் தனிக் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நீளமாகப் போய்க்கொண்டிருக்கிறது. முடித்ததும் அனுப்புகிறேன்.'

கோகிலா அந்தக் கடிதத்துக்காகத்தான் தினமும் தபால்காரர் சுப்பையனின் சைக்கிள் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி இருபதாம் தேதி சுப்பையன் வந்தார். சுதந்திரத் தேதியை அறிவிக்கப் போகிறார்கள் என்று ஊரே பாடாங் திடலில் திரண்டிருந்த நாள். கூட்டத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்ததால் தந்தி இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. நிமோனியா. மருத்துவமனையில் இறந்துவிட்டான். இந்து மாணவர்கள் சேர்ந்து தகனம் செய்துவிட்டார்கள். அஸ்தி கப்பலில் வரும்.

அன்றிலிருந்து அவன் தாய் அஞ்சலை சோற்றைத் தொடவில்லை.

"எம்புள்ள தண்ணில சேரட்டும். அதுக்கப்புறம் சோறு திங்கிறேன்."

மரவள்ளிக்கிழங்கும் கறுப்புத் தேத்தண்ணியும்தான் அவள் ஆகாரம். மூத்த மகன் நல்லையா நகராண்மையில் குழாய் பழுது பார்ப்பவர். ஐம்பதை நெருங்கியவர். தாயிடம் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. மூன்று வாரத்தில் அந்த அம்மாளின் வளையல்கள் தாமாகவே கழன்று விழுந்தன.

மார்ச் நடுவில் ஒரு காலை, சுப்பையன் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். மணி அடிக்கவில்லை. இரண்டு கையாலும் ஒரு பொட்டலத்தை ஏந்திக்கொண்டு நின்றார். உருண்டையான டின். அதைச் சுற்றி வெள்ளைத் துணி போட்டு நெருக்கித் தைத்து, அரக்கு வைத்திருந்தது.

"கப்பல் பார்சல், நல்லையா. மூணு கட்டி எடை இருக்கும்," என்றார் மெதுவாக.

வெள்ளைத் துணியைப் பார்த்ததுமே அஞ்சலை தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த ஊர்ச் சுடுகாட்டிலும் அஸ்திக் கலயத்தின் வாயை வெள்ளைத் துணியால்தான் கட்டிக் கொடுப்பார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. அஸ்தி வீட்டுக்குள் வரக்கூடாது. தரையில் வைக்கவும் கூடாது. நல்லையா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே அதை வாங்கிக்கொண்டார்.

கோகிலா வேலி வரை ஓடி வந்தாள்.

"மாமா, ஒரே ஒரு தடவ தொட்டுக்கிறேன்."

நல்லையா அம்மாவைப் பார்த்தார்.

"பொம்பளைங்க தொடக்கூடாது," என்றாள் அஞ்சலை. "தொட்டா அவன் போக மாட்டான். வாசலையே சுத்திக்கிட்டுக் கெடப்பான். நீ உள்ள போ."

"சுத்திக்கிட்டே கெடக்கட்டுமே அத்தை."

நல்லையா உஜோங் பாசிர் கடற்கரைக்கு நடந்தே போனார். உச்சிப் பொழுதில் தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். கடலில் கரைத்து, டின்னையும் துணியையும் அலையோடு விட்டுவிட்டதாகச் சொன்னார். அன்று மாலை அஞ்சலை ஒரு பிடி சோறு சாப்பிட்டாள். கரைத்த நாளிலிருந்து எண்ணிப் பதினாறாம் நாள் சடங்கைச் செய்தார்கள். கோகிலா வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற இடத்திலேயே இருந்துவிட்டவள் போல நடமாடினாள்.

ஏப்ரல் கடைசியில் ஆற்றோரத்தில் இருந்த கப்பல் முகவர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. தியாகுவின் பெட்டி வந்திருக்கிறது, மனைவி கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நல்லையா மூன்று சக்கரப் பெச்சா ஒன்றைப் பிடித்துக் கோகிலாவை அதில் உட்கார வைத்து, தான் பக்கத்தில் சைக்கிளில் போனார்.

அலுவலகக் குமாஸ்தா ராஜரத்தினம் சாந்தமான மனிதர். தியாகுவின் தகரப் பெட்டியை மேஜைமேல் வைத்தார். பிறகு உள்ளே போய், செங்கல் அளவு மரப்பேழை ஒன்றைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இது என்னங்க?" என்றார் நல்லையா.

"அஸ்தி, அண்ணே."

"அஸ்தி போன மாசமே வந்துருச்சுங்களே. கரைச்சுட்டோம்."

ராஜரத்தினம் பேழையைத் திருப்பிக் காட்டினார். பித்தளைத் தகட்டில் தியாகுவின் முழுப் பெயரும் இறந்த தேதியும் பொறித்திருந்தன. பக்கத்தில் தகனம் செய்த இடத்தின் முத்திரை.

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் வரும். இதுதான் அது. அப்ப வந்தது எந்த ஊர் ஸ்டாம்பு? பாத்தீங்களா?"

நல்லையா பார்க்கவில்லை. சுப்பையன் பார்த்திருக்கலாம், ஆனால் அவரும் சொல்லவில்லை. வெள்ளைத் துணியைப் பார்த்த பிறகு ஸ்டாம்பை யார் பார்ப்பார்கள்?

கோகிலா தகரப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். மேலாக அவனுடைய கம்பளிக் கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் உள்பையில் கை விட்டாள். நாலைந்து தாள், அவன் கையெழுத்து. வெளியே ஆற்றங்கரைப் பலகையில் போய் உட்கார்ந்து, நல்லையாவுக்கும் கேட்கும்படி படித்தாள்.

'கோகிலா, உன் பேச்சைக் கேட்டுப் போய்விட்டேன். நாங்கள் பதினாலு பேர், நாலு ஜீப். சூயஸ் ஊரைத் தாண்டியதும் ரோடு நின்றுவிட்டது. ஜீப் நிற்கவில்லை. என் பல் இன்னும் ஆடுகிறது. வழிகாட்டியின் பெயர் சலீம். ஒட்டகம் எழுந்திருக்கும்போது முதலில் பின்னங்காலைத்தான் தூக்கும், பின்னால் சாய்ந்துகொள் என்று கத்தினான். நான் முன்னால் சாய்ந்தேன். மீதியை நீயே ஊகித்துக்கொள். விழவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

ஒட்டகத்தின் பெயர் என்ன என்று கேட்டேன். நீ எந்த ஊர் என்று கேட்டான். மலாயா என்றேன். இதன் பெயர் மலாயா என்றான். மறுநாள் காலையில் அதே ஒட்டகத்தை ஒரு வெள்ளைக்காரியிடம் ஸ்காட்லாந்து என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கூடாரத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். சுட்ட ரொட்டி, கண்ணாடி டம்ளரில் பாகு போல் இனிக்கும் தேநீர். பாலைவனம் என்றால் சூடு என்றுதானே நினைத்தோம்? பொழுது சாய்ந்ததும் நம் ஊரில் எந்த மாதத்திலும் இல்லாத குளிர். சலீம் ஆளுக்கு இரண்டு கம்பளி கொடுத்தான். சத்தம் என்றால் ஒட்டகம் அசை போடுவதுதான். தவளை இல்லை, பூச்சி இல்லை. உன் இருமல்கூட இல்லை.

விடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். நம் வீட்டுப் பின்பக்கம் கால் வைத்தால் சேறு ஏறுமே, இங்கே ஒன்றும் ஒட்டவில்லை. மாவில் நடப்பது மாதிரி. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய இடத்தில் ஒரே ஒரு ஆளின் காலடி. எனக்குப் பிடிக்கவில்லை, கோகிலா.

அதனால் சலீமிடம் காலி பிஸ்கட் டின் ஒன்று வாங்கி, நான் நின்ற இடத்து மணலை அதில் அள்ளிக்கொண்டேன். போர்ட் செய்தில் தபால்காரர்கள் துணி தைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் முன்னால் வருமோ, டின் முன்னால் வருமோ தெரியாது. வந்ததும் பெரிய தாம்பாளத்தில் கொட்டு. அம்மா திட்டினால் திட்டட்டும். இரண்டு காலையும் அதில் வைத்து நில். நின்றுவிட்டு எனக்கு எழுது. பிறகு நாம் இரண்டு பேரும் போய்வந்ததாகத்தான் கணக்கு.

இங்கே பனி கொட்டுகிறது. கொஞ்சம் காய்ச்சல். ஜமுக்காளத்தில் என் பக்கத்தில் படுத்தவர் ஒரு பாதிரியார், அவர் தூக்கத்தில் பேசியதை உனக்குச் சொல்லவேண்டும், நாளைக்கு'

அங்கே கடிதம் நின்றுவிட்டது.

நல்லையா பலகையின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

"எலும்பு ஒண்ணுகூட இல்லயேன்னு அப்பவே நெனச்சேன்," என்றார். "வெள்ளக்காரன் மெஷின்ல அரைச்சு அனுப்புறான் போலன்னு கொட்டிட்டேன். மஞ்சளா, அவ்வளவு நைசா இருந்துச்சு. அதுக்கு நான் மந்திரம் சொன்னேன்மா. பிண்டம் வச்சேன்."

கோகிலா தாளை வந்த மடிப்பிலேயே மடித்தாள். அழுகை வரவில்லை.

"அத்தைகிட்ட என்ன சொல்றது?"

"சொன்னா திரும்பப் பட்டினி கெடப்பா. இந்தத் தடவ தாங்க மாட்டா."

"அப்ப சொல்ல வேணாம்."

"பாவமில்லையா?"

"இருக்கட்டும் மாமா. என் பேருல எழுதட்டும்."

தகரப் பெட்டியை ராஜரத்தினத்திடமே விட்டுவிட்டு, மாலையில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பெச்சாக்காரரிடம் உஜோங் பாசிர் போகச் சொன்னார்கள். வழியெல்லாம் பேழை கோகிலாவின் மடியில் இருந்தது. நல்லையா அதைக் கேட்கவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். செங் ரோட்டில் அவன் விழுந்த அன்று இரத்தம் கசிந்த முழங்காலை இதே மடியில்தான் வைத்துக் கட்டுப் போட்டாள்.

கடல் உள்வாங்கியிருந்தது. நல்லையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். திரும்பி, கையை நீட்டினார். பிறகு அந்தக் கையைக் கீழே போட்டார்.

"நீயே வாம்மா."

அவள் இடுப்பளவு இறங்கினாள். பேழையைத் திறந்து, உள்ளே கை விட்டாள். சாம்பலில் சிறு சிறு துண்டுகள் விரலில் தட்டுப்பட்டன. நல்லையா மந்திரத்தை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் வரியில் குரல் உடைந்து, நிறுத்தி, திரும்ப ஆரம்பித்தார். அவள் பிடி பிடியாக விட்டாள். கடைசிப் பிடியை மட்டும் விரலைத் திறக்காமல் கையோடு தண்ணீருக்குள் வைத்திருந்தாள். தண்ணீரே அதை எடுத்துக்கொண்டது.

காலிப் பேழையை நல்லையா அலையோடு விட்டார். கரையேறியதும் கோகிலா கேட்டாள்.

"அன்னிக்கு அந்த டின்ன எங்க கொட்டினீங்க?"

நல்லையா சுற்றிலும் பார்த்தார். "அன்னிக்குத் தண்ணி மேல இருந்துச்சு. அந்த மூங்கில் கழி நட்டிருக்குல்ல, அங்கதான்."

இப்போது அங்கே தண்ணீர் இல்லை. ஈர மணல் மட்டும் கறுத்துக் கிடந்தது. கோகிலா கரையில் கழற்றிவிட்ட செருப்பை எடுக்காமல், கழி வரைக்கும் போனாள். இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாள். குனிந்து பார்த்தாள். கறுப்பு மணலுக்குள் மஞ்சளாக எதுவும் தெரிகிறதா என்று தேடினாள். தெரியவில்லை. ஆறு வாரத்தில் எத்தனை அலை வந்து போயிருக்கும். இருந்தாலும் நின்றாள். நல்லையா சைக்கிளைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஸ்தி கரைத்தவர்கள் தலை முழுகித்தான் வீட்டுக்குள் போகவேண்டும். அவர்கள் முழுகவில்லை. முழுகினால் அஞ்சலைக்குத் தெரிந்துவிடும். புடவை உடம்போடு காயும்வரை கரையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

வீட்டில் அஞ்சலை தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு கையெழுத்துக்கா இவ்வளவு நேரம்? பெட்டி எங்க?"

"சாயந்திரம் மாமா போயி எடுத்துட்டு வருவாரு அத்தை."

"கால் கழுவிட்டு வா. சோறு ஆறுது."

கோகிலா பின்பக்கம் குழாயடிக்குப் போனாள். கணுக்கால்வரை மணல் ஒட்டிக் காய்ந்திருந்தது. குழாயில் கை வைத்தவள், திறக்கவில்லை. கல்லில் உட்கார்ந்து, உலர்ந்த மணலை விரலால் தட்டித் தட்டி முந்தானையில் விழச் செய்தாள். விரலிடுக்கில் இருந்ததையும் விடவில்லை. முந்தானை ஓரத்தை முடிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீரைத் திறந்தாள்.

அவள் வந்து உட்கார்ந்ததும் அஞ்சலை குழம்பை ஊற்றினாள். முடிச்சு கண்ணில் பட்டது.

"அதுல என்ன முடிஞ்சு வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல அத்தை. மண்ணு."

அஞ்சலை அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு பிடி சோற்றை எடுத்து வாயில் போட்டாள். கோகிலாவும் சாப்பிட ஆரம்பித்தாள்.