பின்னால் போகும் கட்டைவிரல்

1
இந்தக் கதை ஒரு தழும்பிலிருந்து வந்தது. நான் மறந்து விட்டுவந்த குடையை, வங்கி வாசலில் காவல் நிற்கும் அம்மா ஓடிவந்து நீட்டினார். அவருடைய இடது கட்டைவிரலில் இரண்டு நேர்க்கோடுகள்.

"துப்பாக்கி கடிச்சதுங்க. நாளைக்கு மறுபடி சுடுற டெஸ்ட்," என்று சிரித்தார்.

2
முதல் தொடக்கம்: 'பதினோரு வருடம் ரிவால்வர் பிடித்த கை அது, ஆகவே...'

[வேண்டாம். பயத்தைச் சொல்.]

ரிவால்வரின் பின்புறம் இடது கட்டைவிரலைக் குறுக்கே போடுவது அவர் பழக்கம். புதிதாகக் கொடுத்த பிஸ்டலிலோ, சுட்டதும் மேல்பாகம் பின்னால் பாயும். குறுக்கே கிடக்கும் விரலைக் கிழித்துவிடும். கட்டைவிரல்கள் இரண்டும் ஒரே பக்கம், அந்த மேல்பாகத்துக்குக் கீழே, முன்னோக்கிப் படுத்திருக்க வேண்டும்.

3
"இன்னைக்கும் ரத்தம் வந்தா வேலை போயிடும்கா," என்றார் சுடுதளத்தில் பயிற்சியாளர்.

"எனக்குத் தெரியுது தம்பி. இந்த விரலுக்கு யாரு சொல்றது?"

அந்த அம்மா துப்பாக்கியை இலக்குக்கு நேராக உயர்த்தினார். சுட்டுவிரல் விசைக்கு வெளியே நீண்டிருந்தது. இடது கட்டைவிரல் மட்டும் நழுவிப் பின்னால் போனது. யாரோ அதை மெல்ல எடுத்து முன்னால் வைத்தார்கள்.

"நன்றி தம்பி."

"நான் இங்கதானே நிக்கிறேன்!" குரல் பத்தடி பின்னாலிருந்து வந்தது.

குழல் அசையவில்லை. அவர் திரும்பாமலே கேட்டார். "அப்ப யாரு? கை சில்லுனு இருந்துச்சு. பக்கத்துல யாரோ மூச்சடக்கிப் பாத்துக்கிட்டிருக்காங்க."

4
அந்தக் கையை நான் எழுதவில்லை. அடித்து நீக்கினேன், அடுத்த பிரதியிலும் இருந்தது. (பேய் என்று எழுத மனம் வரவில்லை. ஒரு விரலை நகர்த்திவைக்கும் அளவு உதவியில்தான் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவன் நான்.)

முடிவு ஒன்று: அவர் தேறுகிறார். முடிவு இரண்டு: மூன்றாவது கோ—

எதையும் எழுத முடியவில்லை. பேசிய பதற்றத்தில் கட்டைவிரல் மறுபடி பின்னால் போய்விட்டது. நான் நகர்த்தி எழுதினால் நிற்பதில்லை. ஏழு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். அவருக்குப் பக்கத்தில் நான் இல்லை. இவ்வளவு நேரமாக மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான்.

"சுடலாம்கா," என்கிறார் பயிற்சியாளர்.

சுட்டுவிரல் விசையை நோக்கி வளைகிறது. கொஞ்சம் சீக்கிரம், அந்தக் கட்டைவிரலை முன்னால் எடுத்து வையுங்கள். ஆனால் இந்த முறை, தொடுவதற்கு முன் உங்கள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பாவம், பயந்துவிடப் போகிறார்.