வெளியே ஒரு பெஞ்சு

மணி அடிக்கத் தொடங்கியதும் எல்லாரும் சட்டமன்றத்துக்குள் ஓட, அக்கா மட்டும் கதவுக்கு வெளியே கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மணி நின்றால் கதவைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு.

நீதிபதிகளை மாற்றும் அதிகாரத்தை அமைச்சரவைக்கே கொடுக்கிற மசோதா அது. ஆளுங்கட்சிக்காரியான அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. அவள் தொகுதிக்கு வரவேண்டிய பாலத்தைக் கோர்ட்டு நிறுத்தி வைத்திருக்கிறதே. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வாக இருக்கும் அவளுடைய வக்கீல் தம்பிக்கோ அது ஆகவே ஆகாது. இரண்டு பக்கமும் தலைகள் சமம். சமமானால் சபாநாயகர் ஓட்டுப் போடுவார்; அவர் எந்தப் பக்கம் என்று அவர் மனைவிக்கே தெரியாது. நேற்று தம்பி படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டதில் எதிர்க்கட்சிக்கு ஒரு தலை குறைந்து கணக்கு மாறிப்போயிற்று.

ஒருவர் உடம்பு முடியாமல் படுத்துவிட்டால், அதற்கு ஈடாக எதிர்ப்பக்கத்தில் ஒருவர் ஓட்டுப் போடாமல் வெளியே உட்காருவது அந்தச் சபையின் பழைய வழக்கம். கட்சிகள் முகம் பார்ப்பதை நிறுத்திய பிறகு அதுவும் நின்றுபோனது. அக்கா, தம்பி பேச்சும்தான். இன்று காலை அவளே போன் செய்தாள்.

"உனக்கு ஈடா நான் வெளிய உக்கார்றேன்டா. ஒன் காலு ஒடைஞ்சதால ஒரு சட்டம் வரக்கூடாது."

அவன் போனை வைத்துவிட்டான். வெளியே உட்காருவதாக அவள் சபாநாயகரிடம் பெயரும் கொடுத்துவிட்டாள். இனி மனசு மாறினாலும் உள்ளே போக முடியாது.

ஆளுங்கட்சிக் கொறடா ஓடி வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அடுத்த தடவை சீட்டு கிடையாது என்றார். வாக்குக் கொடுத்தாயிற்று என்றாள் அக்கா. சொன்னதும் அவளுக்கே உடம்பு புல்லரித்தது. இத்தனை துணிச்சல் எங்கே ஒளிந்திருந்தது? தன் ஓட்டும் போய்விடுமே என்று அவர் வந்த வேகத்தில் உள்ளே ஓடினார்.

அப்போதுதான் வராந்தா முனையில் சக்கர நாற்காலி தெரிந்தது. மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு தம்பி. அவள் சொன்னதை அவன் நம்பவேயில்லை! அவன் உள்ளே போனால் ஒரே ஓட்டில் மசோதா காலி, அவளுக்குத் துரோகிப் பட்டம்.

பெஞ்சருகே வந்ததும் தள்ளுகிறவனை அவன் கையசைத்து நிறுத்தினான்.

"நெஜமாவே உக்காந்திருக்கியாக்கா?"

"சொன்னேனேடா."

கதவிலிருந்து அவன் கட்சிக்காரர்கள் கைதட்டிக் கூப்பிட்டார்கள். இன்னும் நாலு முழம்தான். மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

தம்பி குனிந்து நாற்காலிக்கு பிரேக் போட்டான். மாவுக்கட்டுக் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தான். அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.