சேவல் மேல் நாற்பத்தாறு புகார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆவணக் காப்பகத்தில் பட்டியல் எழுதும் அக்கா, இன்று ஒரு கோப்பைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சினார். கதைக்கு விதை அவ்வளவுதான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: காலத்தின் தூசி படிந்த அலமாரிகளுக்கு நடுவே அவள்...

(வேண்டாம். அக்கா தினமும் தூசி தட்டுகிறவர். படித்தால் சண்டைக்கு வருவார்.)

இரண்டாவது முயற்சி: அக்காவின் மேசையில் முப்பத்தொரு கோப்புகள். முப்பது வருடமாக எந்த வாசகரும் கேட்டு வாங்கிப் படிக்காத கோப்பு காகித ஆலைக்குப் போக வேண்டும் என்பது விதி. ஊழியர் படித்தால் கணக்கில் வராது. நாலு மணிக்கு லாரி.

பதினெட்டாவது கோப்பில், பக்கத்து வீட்டம்மாவின் சேவல் மேல் ஒருவர் நகர அலுவலகத்துக்கு எழுதிய புகார்கள். பதினோரு வருடத்தில் நாற்பத்தாறு. 'மேற்படி சேவல் வேண்டுமென்றே என் ஜன்னலைப் பார்த்துக் கூவுகிறது.' 'மேற்படி சேவலை நேரில் கண்டித்தும் பலனில்லை.' (சேவல் தரப்பு விளக்கம் கோப்பில் இல்லை.)

கடைசிக் கடிதம் மட்டும் வேறு மாதிரி: 'ஐந்து நாளாகச் சேவல் சத்தம் இல்லை. அந்த அம்மாவுக்கு உடம்புக்கு என்னவோ. இத்தனை புகார் எழுதிய நான் எந்த முகத்தோடு போய்க் கதவைத் தட்டுவேன்? தயவுசெய்து ஆள் அனுப்பிப் பார்க்கவும்.'

ஓரத்தில் அலுவலகக் குறிப்பு: 'சத்தம் நின்றது. புகார் தீர்ந்தது.'

3

"சார், இது ஒண்ணை மட்டும் வச்சுக்கலாமே?" என்று அக்கா கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றார்.

"யாராவது படிச்சிருக்காங்களாம்மா?"

"நான் படிச்சேன் சார். நாலு தடவை."

"நீங்க படிச்சா ஆச்சா? வெளியாள் ஒருத்தர் பேரு கோப்பு கேக்குற சீட்டுல இருக்கணும். எனக்கு மட்டும் இதை அனுப்பணும்னு ஆசையா என்ன?"

கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே மறுபடி துடைத்தார். (அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை.)

4

முடிவு ஒன்று: அக்கா கோப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு...

(நடக்காது. அலுவலகப் பென்சிலைத் தெரியாமல் வீட்டுக்கு எடுத்துப் போனதற்கு மறுநாள் மன்னிப்புக் கேட்டவர்.)

முடிவு இரண்டு: வியர்க்க விறுவிறுக்க ஓர் ஆராய்ச்சியாளர் ஓடி வந்து, "சேவல்களைப் பற்றி ஏதாவது..."

(எழுதுகிற எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

நீயே சீட்டில் பெயர் எழுதினால் என்ன என்கிறீர்களா? அங்கேதான் இடிக்கிறது. கிழிந்த கோப்புகளைத் தைத்து ஒட்டும் பைண்டர் நான். நானும் ஊழியன்தான்.

மூன்றே முக்கால் வரை அக்கா மற்ற முப்பது கோப்புகளையும் கட்டி வைத்தார். பிறகு என் மேசைக்கு வந்து, "அந்தக் கதவை யாராவது போய்த் தட்டியிருப்பாங்களா, தம்பி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மனசு கேட்காமல் இதை எழுத உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் கதை இவ்வளவுதான் வரும்.

5

லாரி வந்துவிட்டது.

கடைசிக் கடிதத்தை மேலே ஓர் எழுத்து விடாமல் எழுதியிருக்கிறேன். நீங்களும் படித்துவிட்டீர்கள். முப்பது வருடத்தில் அதைப் படித்த முதல் வெளியாள் நீங்கள்தான். இதோ சீட்டு. பென்சிலால் எழுதுங்கள், உள்ளே பேனாவுக்கு அனுமதியில்லை.

கோப்பு: சேவல், புகார்கள் 46
படித்தவர் பெயர்: ....................

அக்கா உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.