இரண்டு சாப்பாட்டுக் காசு

சூப்பிரண்டு ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆபீஸ் அவரை விட்டதே தவிர, அவர் ஆபீஸை விடவில்லை. யாத்திரையில் எழுதிய நோட்டில்கூட ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'பொருள்', 'பார்வை' என்று போட்டுக்கொண்டுதான் ஆரம்பிப்பார். "பொருள்: பசி தொடர்பாக. பார்வை: பாடம் எண் ஆறு. வாயைத் திறந்து கேட்காதவனுக்கே முதலில் கிடைக்கிறது என்பது இன்று அறியப்பட்டது." கீழே தேதி, கையெழுத்து. சீல் ஒன்றுதான் பாக்கி.

இதை ஓரக்கண்ணால் படிக்கும் மெக்கானிக்குக்கு வயிறு எரியும். சூப்பிரண்டு அவனுக்கு அக்கா புருஷன். மலைமேல் இருக்கும் தலத்துக்குப் பதினேழு நாள் நடை; ஒரு நாளைக்கு ஒரு டீக்கு ஆகிற காசு மட்டும் கையில் இருக்கும்; மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று மனுஷன் ஒரு நாள் வீட்டில் அறிவித்தார். அவருக்குச் சர்க்கரை. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் கண் இருட்டிக்கொண்டு வரும். கடவுள் பார்த்துக்கொள்ளும்வரை காத்திருக்க முடியாமல் அக்கா தம்பியைக் கூப்பிட்டாள்.

"கூடவே போடா. நீ முன்னாடி போய்ப் போற இடத்துல எல்லாம் காசைக் குடுத்து வச்சிடு. குடுத்தது மட்டும் அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா ரோஷத்துல வாயே வைக்க மாட்டார்."

அது பள்ளிச் சீருடை தைத்துச் சேர்த்த காசு. அக்காவின் வீட்டு முன் அறையில் இரண்டு தையல் மெஷின்கள், ஒரு வெட்டும் மேஜை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் அளவுத் தாள்கள். சூப்பிரண்டின் பென்ஷன் பழைய கைமாற்றுக் கடனுக்கும் மருந்துக்கும் போக, அடுப்பு எரிவது அந்த அறையால்தான்.

ஆகவே மெக்கானிக் இருபது நாளைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு, தினமும் சூப்பிரண்டுக்கு அரைமணி முன்னால் நடந்தான். "நான் போய் இடம் பார்க்கறேன் மாமா" என்பான். விடுதிக்காரரிடமோ சாப்பாட்டுக் கடையிலோ காசைக் கொடுத்து, "பின்னாடி ஒருத்தர் வருவார். வழுக்கைத் தலை, நீலப் பை. சாப்பாடு போட்டுடுங்க, நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்க" என்பான். சிலர் சிரித்தார்கள். சிலர் அவனைப் பைத்தியம் என்று நினைத்து, கூடுதலாகக் கேட்டு வாங்கினார்கள். பின்னால் சூப்பிரண்டு வருவார், தட்டு தானாக வரும், அவர் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். பாடம் எண் ஒன்பது, பாடம் எண் பத்து என்று நோட்டு நிரம்பியது.

போதாததற்குச் சேர்ந்து நடக்கும் நேரமெல்லாம் உபதேசம். "நீ இன்னும் பையைத் தடவிப் பார்த்துக்கிட்டே நடக்கறடா. காசை நம்பறவன் கால் கனமா இருக்கும்." மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். கொப்புளம் வந்தது அவன் காலில்தான். அரைமணி முன்னால் போவதற்கு அவன் ஓட வேண்டியிருந்தது.

பதினான்காம் நாள் காலை. விடுதியின் பின்பக்கம் குழாயடியில் கால் கழுவிக்கொண்டே சூப்பிரண்டு சொன்னார். "முடிவு பண்ணிட்டேன். மேல போனதும் முதல் வேலை, வீட்டைத் தலத்துப் பேருக்கு எழுதி வச்சிடறது. அங்கேயே அதுக்கு ஆபீஸ் இருக்கு. பத்திரம் பையிலதான் இருக்கு."

மெக்கானிக்கின் கையிலிருந்த சோப்பு வழுக்கி விழுந்தது. "அக்கா எங்க போவா?"

"அவளும் பழகிக்குவா. நான் பழகலையா? பதிமூணு நாளா ஒரு வேளை குறைஞ்சுதா? மனுஷனுக்கு ஒண்ணுமே வேணாம்டா. நாமதான் பயத்துல கட்டிக்கிட்டு அழறோம்."

மெக்கானிக் வாசலுக்கு ஓடி அக்காவுக்குப் போன் போட்டான். பின்னணியில் மெஷின் ஓடும் சத்தம். விஷயத்தைச் சொன்னதும் சத்தம் நின்றது.

"மெஷின் ரெண்டையும் தூக்கிக்கிட்டு நான் எந்தத் தெருவுக்குடா போவேன்?" என்றாள் அக்கா. அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "நீ என்ன பண்ணுவியோ தெரியாது. அவர் அங்க கையெழுத்துப் போடக் கூடாது."

அவன் திரும்பி வந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தான். எந்த ஊரில் யாருக்கு, எத்தனை வேளைக்கு என்று ஒன்று விடாமல் சொன்னான். சூப்பிரண்டு துண்டால் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"வாழ்நாள் பூரா ஓட்டை வண்டியையே பார்த்தவன் நீ. உனக்கு எதைப் பார்த்தாலும் ஓட்டைதான் தெரியும். வீடு உங்க அக்கா மூலமா உனக்கு வரும்னு கணக்குப் போட்டிருந்தியா?"

மெக்கானிக்குக்கு அவரை அந்தக் குழாயடியிலேயே வைத்து ஒரு அறை விடலாம் போல் இருந்தது. "இன்னியிலேர்ந்து நான் முன்னாடி போகலை மாமா. உங்க பின்னாடியே வர்றேன். உங்க கடவுள் எப்படிப் பரிமாறறார்னு பார்க்கறேன்."

பரிமாறவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கடை வாசலில் சூப்பிரண்டு வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு நின்றார். கல்லாவில் இருந்தவர், "யாத்திரையா? ரொம்ப நல்லது. கொஞ்சம் ஓரமா நில்லுங்க, சாப்பிட வர்றவங்களுக்கு வழி வேணும்" என்றார். சாயங்காலம் ஒரு வீட்டில் கேட்டைத் திறக்காமலே ஒரு அம்மாள் பேசினாள். "போன வாரம் இப்படித்தான் ஒருத்தர் சாமி பேரைச் சொல்லிக்கிட்டு வந்தார். என் வீட்டுக்காரர் செருப்பைக் காணோம்." விடுதியில் கட்டணம் இல்லாமல் படுக்கை இல்லை என்று போர்டையே காட்டினார்கள். இருவரும் வராந்தாவில் படுத்தார்கள். சூப்பிரண்டு தன் டீக்காசில் இரண்டு பன் வாங்கி, ஒன்றை அவன் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

மெக்கானிக்கின் பையில் காசு இருந்தது. ஆனால் அவர் பட்டினி கிடக்கும்போது தான் மட்டும் வெட்ட அவனுக்கு மனசு வரவில்லை. மனசு வரவில்லையே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

மறுநாள் ரோட்டில் நடக்கும்போது சூப்பிரண்டு நோட்டைக் கையில் எடுத்தார். இருபத்தொரு பாடங்கள் இருந்தன. அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த மாவு மில்லுக்காரர்?"

"குடுத்தேன்."

"மழையில உள்ள கூப்பிட்ட வாத்தியார்?"

"குடுத்தேன். அவர் ரெண்டு வேளைக்கு வாங்கினார்."

பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் 'ரத்து' என்று எழுதிச் சுருக்கொப்பம். அதை நடந்துகொண்டே எழுதியதால் எழுத்து கோணியது.

"என் கால்ல மருந்து போட்டுச்சே ஒரு பொண்ணு? அப்பா மாதிரி இருக்கீங்கன்னு சொல்லிச்சே?"

"மருந்துக்கும் சேர்த்துத்தான்."

அந்தப் பாடத்தை அடிக்க அவருக்கு நேரம் ஆயிற்று. அடித்துவிட்டு, "நீ அயோக்கியன்டா" என்றார். "உங்க அக்கா அதைவிட."

"ஆமா. சாப்பாடு போட்ட அயோக்கியங்க."

இரண்டு மணி வெயிலில் ஒரு பஞ்சர் கடை வந்தது. தகரக் கூரை, வாசலில் பழைய டயர் அடுக்கு, தண்ணீர்த் தொட்டி. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி டியூபைத் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தாள். எதிரே பஸ் நிறுத்தம். கடை நிழலில் கிடந்த பெஞ்சில் சூப்பிரண்டு பொத்தென்று உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது.

"மாமா, போதும். நான் போய் ஏதாவது வாங்கிட்டு வர்றேன்."

"உன் காசு வேணாம்!" அவர் கத்தியதில் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஒரே ஒருத்தர். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒருத்தராவது காசு வாங்காம ஒரு வேளை போடட்டும். போட்டா, அது எனக்குப் போதும். நாளன்னிக்கு வீட்டை எழுதி வச்சிடுவேன். போடலைன்னா இப்படியே பஸ் ஏறிடறேன். பத்திரத்தை உங்க அக்கா கையிலயே குடுத்துடறேன்."

"அவ தையல் மெஷினை ரோட்டுல போட்டுட்டுத்தான் உங்களுக்குப் புண்ணியம் வேணுமா?"

"வேணும்!"

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. கண் செருகி, தலை சுவரில் சாய்ந்தது. மெக்கானிக் சாப்பாட்டுக் கடையைத் தேடி ஓடப் போனான். அதற்குள் அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த பையிலிருந்து இரண்டு அடுக்கு டிபன் பாக்ஸை எடுத்து வந்துவிட்டாள். மேல் அடுக்கைச் சூப்பிரண்டின் மடியில் வைத்து, முதல் கவளத்தை அவர் கையில் திணித்தாள். கீழ் அடுக்கை மெக்கானிக்கிடம் நீட்டினாள்.

"நீங்களும் உக்காருங்க அண்ணே. ரெண்டு நாளா சாப்பிட்ட மூஞ்சியா இது?"

"உங்களுக்கு?"

"ஒரு வேளை இல்லைன்னா செத்துட மாட்டேன்."

அவன் அவசரமாகப் பையிலிருந்து பணநோட்டு ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் சுட்டது போல் கையை இழுத்துக்கொண்டாள். "இது என்ன ஓட்டலா?" நோட்டு தரையில் விழுந்தது. அவன் பொறுக்கிக்கொண்டு, அங்கே டயர் கழற்றாமல் கிடந்த சக்கரத்தைக் காட்டினான். "நான் மெக்கானிக்தான். அதையாவது கழட்டித் தர்றேன்."

"கழட்டினா அது கூலி ஆயிடும். பேசாம சாப்பிடுங்க" என்று அவள் தொட்டிக்குத் திரும்பினாள்.

இப்படி ஒருத்தி இரண்டு நாள் முன்னால் கிடைத்திருந்தால் அவன் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். இப்போது அவனுக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை கதவு சாத்திய ஊரில் இவளுக்கு மட்டும் என்ன வந்தது?

சூப்பிரண்டுக்கு நிறம் திரும்பியது. கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டார். பிறகு பாக்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மெல்லப் பையைத் திறந்து பாட நோட்டை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றி, புதுப் பக்கத்தில் எண் இருபத்திரண்டு என்று போட்டார். முகம், பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளையின் முகமாக இருந்தது.

"டேய்" என்றார். "காசு குடுத்தியா?"

மெக்கானிக் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் வராது என்று அவனுக்குத் தெரியும். முன் அறையின் இரண்டு மெஷின்களைத்தான் நினைத்துக்கொண்டான்.

"குடுத்துட்டேன் மாமா. உங்களுக்கு மயக்கமா இருந்தப்போ."

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

சூப்பிரண்டு அவளிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இவன் பேச்சை நான் நம்ப மாட்டேன். வாங்கினீங்களா?"

அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். அவன் இப்போது பார்த்துத்தான் ஆக வேண்டியிருந்தது. கண்ணாலேயே கெஞ்சினான். பெஞ்சில் நடந்த சண்டை முழுதும் அவள் காதில் விழுந்திருந்தது. ஒரு டியூபை எடுத்து உதறினாள், மறுபடி போட்டாள்.

"ஆமா பெரியவரே" என்றாள். "வாங்கிட்டேன்."

"எவ்வளவு?"

"ரெண்டு சாப்பாட்டுக் காசு."

சூப்பிரண்டு தலையை ஆட்டினார். எண் இருபத்திரண்டு என்று மட்டும் எழுதியிருந்த பக்கத்தில் ஒரு கோடு போட்டு, 'ரத்து' எழுதி, சுருக்கொப்பம் வைத்தார். பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டு, எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனார். இரண்டு நாளில் எட்டிவிடக்கூடிய மலை அவர் முதுகுப் பக்கம் நின்றது.

மெக்கானிக் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவளிடம் போனான். "மன்னிச்சுடுங்க. எங்க அக்கா வீடு..."

"கேட்டேன்."

அவன் பணநோட்டை மறுபடி நீட்டினான். "இப்பவாவது வாங்கிக்கங்க. பொய்யாவது இல்லாமப் போகும்."

அவள் பாக்ஸை மட்டும் பிடுங்கிக்கொண்டாள். "உன் பொய்யை உண்மையாக்க என் சோறுதான் கிடைச்சுதா? வித்தேன்னு என் வாயாலயே சொல்ல வச்சிட்ட. கிளம்பு. திரும்பி இந்தப் பக்கம் வராதே."

பஸ் வந்தது. அவன் ஓடிப் போய் ஏறிச் சூப்பிரண்டின் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்காவின் வீடு தப்பித்தது. போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். கை போனைத் தேடவில்லை. எங்கேயோ திருடிவிட்டு ஓடி வந்தவன் மாதிரி சீட்டின் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டான்.

கண்டக்டர் வந்தார். அந்த நோட்டு இன்னும் அவன் உள்ளங்கையிலேயே, வேர்வையில் நனைந்து கசங்கியிருந்தது. அதைக் கொடுத்து இரண்டு டிக்கெட் கேட்டான்.

சூப்பிரண்டு ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் டிபன் பாக்ஸைத் தொட்டி ஓரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்தபின் அவர் மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தா, காசுக்குப் போட்டவ மாதிரி தெரியலையேடா."

"முகத்துல என்ன மாமா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டான்.