காவலர் கட்சியில் ஒருவர்

1

இந்தக் கதை ஒரு கொட்டாவிக்கு நடுவில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொட்டாவி என்னுடையது.

எங்கள் கல்லூரித் திரைப்படக் கழகத்தில் ஒரு பழைய பிரெஞ்சுப் படம் போட்டார்கள். கறுப்பு வெள்ளை. சிறையிலிருந்து தப்பிக்கும் கதை. யதார்த்தத்தின் உச்சம் என்று அறிமுக உரையில் சொன்னார்கள். யதார்த்தம் என்றால், ஒருவன் தரையை உடைக்கிறான் என்றால் அவன் உடைத்து முடிக்கும்வரை கேமரா அங்கேயே உட்கார்ந்திருக்கும். பின்னணி இசை கிடையாது. டங், டங், டங். கொஞ்சம் ஓய்வு. மறுபடி டங். எனக்கு அடுத்திருந்தவன், "மச்சான், இவன் தப்பிக்கறதுக்குள்ள தண்டனையே முடிஞ்சிரும்டா" என்றான். முன்வரிசையில் ஒருத்தி அழுதாள். சிவில் துறைக்காரன் ஒருவன் அந்தச் சிறையின் சிமெண்டுக் கலவையில் மணல் ஜாஸ்தி என்று கண்டுபிடித்தான். நான் கொட்டாவிக்கு வாயைப் பிளந்தேன்.

வாய் முழுதாகத் திறந்திருந்த நேரத்தில், பின்வரிசையிலிருந்து வயதான ஒரு குரல் மிகுந்த மனவேதனையோடு சொன்னது:

"திரும்பிப் பாருடா மடையா. உன் பின்னாடிதான் உடைக்கறானுங்க."

காவலாளியிடம் சொல்கிறார். அரங்கம் முழுக்கக் கைதிகள் கட்சியில் இருக்க, இவர் ஒருவர் மட்டும் காவலர் கட்சி. விளக்கு போட்டதும் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி.

அந்தக் குரலுக்கு ஓர் உடம்பும், உடம்புக்கு ஒரு வீடும் கட்டிக்கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "சிறையின் இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தபோது கிழக்கு வெளுத்—"

(அடித்துவிட்டேன். என் கதைகளில் கிழக்கு வெளுக்காத தொடக்கமே இல்லை என்று வகுப்பில் ஏற்கெனவே பேச்சு.)

இரண்டாம் தொடக்கம்: "சுதந்திரம் என்றால் என்ன என்ற கேள்வி மனித குலத்தை ஆதிகாலம் தொட்டே—"

(இது கதை இல்லை, பரீட்சை விடை.)

மூன்றாவது: ஞாயிற்றுக்கிழமை மதியம், லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தன் மாமனாரோடு சோபாவில் உட்கார்ந்து சிறைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது நிற்கும்.

மெக்கானிக்கின் தொழிலே, இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது. அவரோ கல்யாணமான நாளிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளை. (குறியீடு என்று நீங்கள் சொல்வதற்குள் நானே ஒப்புக்கொள்கிறேன். வேண்டுமென்றே வைத்ததுதான். இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

மாமனார், சிறையில் தலைமை வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வை அரசாங்கம் கொடுத்தது, அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தினமும் சாப்பாடு முடிந்ததும் தடியை எடுத்து, வீட்டு ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவார். அறுத்த கம்பி வேறு மாதிரிச் சத்தம் போடுமாம்.* பிறகு மனைவி, மகள், மாப்பிள்ளை என்று தலை எண்ணிவிட்டுத்தான் படுப்பார்.

[* அந்த வீட்டில் இதுவரை யாரும் கம்பி அறுத்ததில்லை. அதற்குக் காரணம் தான் தட்டுவதுதான் என்பது அவர் வாதம். மறுக்க யாராலும் முடியவில்லை.]

மெக்கானிக்கும் மனைவியும் ரகசியமாக வேறு வீடு பார்த்துவிட்டார்கள். இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சாவி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார். மாமனாரிடம் இன்னும் மூச்சுவிடவில்லை. இதற்கு முன் பார்த்த வீடுகளும் இப்படித்தான், சொல்லத் தைரியம் வருவதற்குள் கைநழுவிப் போயின.

படத்தைத் தேர்ந்தெடுத்தது மெக்கானிக். அடைபட்டவர்களின் தவிப்பைப் பார்த்தால் மாமனார் மனசு இளகும், இளகிய இடத்தில் விஷயத்தைச் செருகிவிடலாம் என்பது திட்டம்.

3

"இது யார் ட்யூட்டி?" என்றார் மாமனார், படம் தொடங்கிய சூட்டோடு.

திரையில் கைதிகள் வாளியின் கைப்பிடியைக் கழற்றித் தரையை நெம்பிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒரு காவலாளி விசிலடித்தபடி நடந்து போனான்.

மாமனார் ரிமோட்டை எடுத்தார். காவலாளி பின்பக்கமாகவே நடந்து வந்தான். பிறகு மறுபடி முன்பக்கமாக நடந்து, மறுபடி ஒன்றும் காதில் விழாமல் போனான்.

"என்ன மாமா பண்றீங்க?"

"இன்னொரு சான்ஸ் குடுக்கறேன். புதுசா வேலைக்குச் சேந்தவன் போல."

"எத்தனை தடவை ஓட்டினாலும் அவன் அதேதான் பண்ணுவான் மாமா."

"நாலு பேரு இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவன் உருப்படாமப் போனான்."

மாமியார் எதிர்க்கட்சி. "பாவம், கையெல்லாம் கொப்புளம். அந்த ஒல்லிப் பையனைக் கொஞ்சம் உக்கார வைக்கக் கூடாதா?"

"ஏன், உன் அண்ணன் மகனா அவன்?"

"அண்ணன் மகனா இருந்தா, நீங்க இந்நேரம் அவனுக்கு இன்னும் ரெண்டு பூட்டு சேத்துப் போட்டிருப்பீங்க."

"மாமா, அவங்க பேசறது கீழ எழுத்துல ஓடுது, பாருங்க" என்றார் மெக்கானிக், பேச்சை மாற்ற.

"அதை எதுக்குப் படிக்கணும்? எல்லா ஜெயில்லயும் ஒரே பேச்சுதான். 'நான் ஒண்ணும் பண்ணலை சார்.'"

சிறை அதிகாரி திரையில் வந்தபோது மாமனார் எழுந்து நின்றார். அதிகாரி போனபிறகுதான் உட்கார்ந்தார். மனசு எந்த இடத்திலும் இளகியதாகத் தெரியவில்லை. மெக்கானிக்கின் மனைவி கணவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

4

இங்கே வந்ததும் எனக்கு மனைவி மேல் சந்தேகம் வந்தது. பாத்திரத்தைச் சொல்கிறேன். பிரதியைப் படித்த வகுப்புத் தோழி, "இவ கண்ணால மட்டும்தான் பேசுவாளா? வாயை எங்க வச்சே?" என்றாள். நியாயம்தான். வாயைக் கொடுத்தேன். கொடுத்த கையோடு அவள் கணவனைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"சொல்லப் போறீங்களா, இல்ல வீடு போனதுக்கப்புறம் சொல்லுவீங்களா?"

"உன் அப்பாதானே, நீயே சொல்லேன்."

"நான் சொன்னா அழுவார். நீங்க சொன்னா கத்துவார். கத்தினா தாங்கிக்கலாம்."

அப்போது மாமியார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து, கட்டித் தயாராக இருந்த ஒரு துணிப்பையை எடுத்து மேடைமேல் வைத்தார்.

"அந்த வீட்டுல எனக்கு ஒரு மூலை இருக்குமா மாப்ள?"

"எந்த வீடு அத்தை?"

"நடிக்காதீங்க. வார்டரோட குடித்தனம் பண்ணினவ நான். பக்கத்து ரூம்ல குசுகுசுன்னு பேசினா எனக்கு முழிப்பு வந்துடும்."

"நீ எதுக்கும்மா வரே?" என்றாள் மகள்.

"நான் என்ன ஒரேடியாவா வரேன். உங்கப்பா கண்டுபிடிச்சதும் திரும்பிடுவேன்." பையின் முடிச்சை இன்னும் இறுக்கினார். "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது அவர் என்னைத் தேடணும்டி. எண்ணறார், சரி. தேடினதே இல்லை."

(இந்த வசனம் என் திட்டத்தில் இல்லை. எழுதிவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது சிரிப்புக் கதை. இப்படி ஒன்றை இங்கே விட்டுவைத்தால் அப்புறம்—)

5

அவர்கள் ஹாலுக்குத் திரும்பியபோது படம் அசையாமல் நின்றிருந்தது. தரையில் ஓட்டை தயார். ஒரு கைதி காலை உள்ளே விட்டிருந்தான். மாமனார் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிடுவானுங்க" என்றார்.

"படம்தானே மாமா."

"காலையில கதவைத் தெறக்கறவனை நினைச்சுப் பாத்தீங்களா மாப்ள? தெறப்பான். உள்ள ஒருத்தனும் இல்ல. அப்புறம் அவன் எதைக் காவல் காக்கறது?"

பயப்படாதீர்கள், மூச்சை மெதுவாக விடுங்கள் என்று லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் பேசும் குரல் ஒன்று மெக்கானிக்கிடம் உண்டு. அந்தக் குரலை எடுத்தார்.

"மாமா, நாங்க தனியாப் போகலாம்னு இருக்கோம். இன்னிக்கே."

மாமனார் கத்தவில்லை. எழுந்து தடியை எடுத்து ஹால் ஜன்னலைத் தட்டினார். படுக்கையறையில் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. எந்த வழியாப் போறதா உத்தேசம்?"

"வாசல் வழியாத்தான் மாமா."

"வாசல் வழியாவா?" அவர் முகம் சுண்டிப்போயிற்று. "செருப்பு மாட்டிக்கிட்டு, போயிட்டு வரேன்னு சொல்லிட்டா?"

"ஆமா மாமா."

"எனக்கு ஒரு மரியாதை வேண்டாமா மாப்ள? வாசல் வழியாப் போறவனுக்குப் பேரு விடுதலையானவன். விடுதலையானவனை எந்த வார்டராவது தேடிப் போவானா? போய் நின்னா, 'என்னய்யா, எதுக்கு வந்தே'ன்னு கேப்பான். தப்பிச்சுப் போனவன்னா வேற கதை. தேடிப் போறது கடமை. எப்ப வேணா போகலாம். ஏன் வந்தேன்னு ஒரு பய கேக்க முடியாது."

மெக்கானிக் புரியாமல் விழித்தார். மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப, நாங்க தப்பிச்சுப் போகணுமா மாமா?"

"அதை என்கிட்டயே கேட்டா எப்படி?" மாமனார் படத்தை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டினார். "சமையலறை ஜன்னல் கிராதியில திருகு கொஞ்சம் லூசு. சும்மா சொல்லி வைக்கறேன்."

6

முடிவுகள்.

(அ) மாமனார் சோபாவிலேயே தூங்கிவிடுகிறார். மூவரும் போய்விடுகிறார்கள். கண்விழித்தால் வெறும் திரையும் வெறும் வீடும். அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

(ஆ) மெக்கானிக் கிராதியைக் கழற்றி இறங்குகிறார். அடுத்து மனைவி. கடைசியாக மாமியார், ஜன்னலில், பையோடு சிக்கிக்கொள்கிறார். வெளியிலிருந்து இழுத்தும் வரவில்லை. சமையலறைக்குத் தண்ணீர் குடிக்க வந்த மாமனார், சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு, "யாருன்னு சொல்லாதீங்க, சொன்னா நான் விசில் அடிக்கணும்" என்று சொல்லியபடியே பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளுகிறார். மாமியாரும் தான் யாரென்று சொல்லவில்லை. மாமனாருக்குத் தெரிந்ததா என்பதை நானும் கேட்கவில்லை.

இது முடிவு ஆகாது. ஆனால் இது நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்க மனம் வரவில்லை.

(இ) சாவி கிடைத்துவிட்டது. புதிய வீடு. நாற்காலிகூட இல்லை. மூவரும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசினால் எதிரொலிக்கிறது.

"அப்பாவுக்கு விலாசம்கூடத் தெரியாதே" என்கிறாள் மகள்.

"தெரியாமத்தான் வரணும்" என்கிறார் மாமியார். பையைப் பிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை மட்டும் சரிசெய்துகொள்கிறார்.

வெளியே பொழுது மங்குகிறது. யாரோ மாடிப்படி ஏறி வருகிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் நின்று யாரிடமோ விசாரிக்கிறார்கள். காலடிச் சத்தம் இந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறது. மணி அடிக்கிறது.

மெக்கானிக் எழப் போகிறார். மாமியார் அவர் கையைப் பிடித்து உட்கார வைக்கிறார்.

"இருங்க மாப்ள. உடனே தெறந்தா தேடின மாதிரியே இருக்காது."

எவ்வளவு நேரம் காக்க வைத்தால் தேடின மாதிரி இருக்கும்? அதிகம் வைத்தால், உள்ளே ஆள் இல்லை என்று நினைத்து அவர் படியிறங்கிவிடக் கூடும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, இந்தக் கணக்கு பிடிபடவில்லை. மணி இன்னொரு தடவை அடிக்கிறது. என்னால் இதற்கு மேல் எழுத முடியாது. கதவுக்கு உட்பக்கம் நீங்கள்தான் இருக்கிறீர்கள். தாழ்ப்பாள் உங்கள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.