டீயில் மருந்து கலக்காதவள்

வீட்டுச் சுவரிலிருந்த வயரையெல்லாம் தம்பி உருவிப் போட்ட அன்றுதான், விஷயம் கைமீறிவிட்டது என்று அக்காவுக்குப் புரிந்தது. அவன் எலக்ட்ரீஷியன். அரைகுறை வேலை அவனுக்கு ஆகாது. மெயினை அணைத்து, ஸ்விட்ச் போர்டுகளைக் கழற்றி, திருகுகளை டப்பாவில் போட்டு மூடி, கச்சிதமாகவே வீட்டை இருட்டாக்கியிருந்தான்.

"வயர் வழியா ஒட்டுக் கேக்கறாங்கக்கா."

"டாக்டரைப் பாக்கலாமாடா?"

"எனக்கென்ன பைத்தியமா?" அறைக்கதவு படாரென்று மூடிக்கொண்டது.

அவள் டவுன் பஸ் ஓட்டுபவள். குறுக்கே வருகிற லாரியைக்கூட ஒரு முறைப்பில் ஒதுங்க வைப்பவள். ஒரு தாழ்ப்பாளுக்கு முன்னால் தோற்று நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். தெருமுனையில் கார் நின்றது, உள்ளே தடித்த ஆட்கள் இரண்டு பேர்.

"இதைப் பொடி பண்ணி டீயில கலந்து குடு. அசந்து தூங்கிடுவான். கண் முழிக்கிறப்போ ஆஸ்பத்திரில இருப்பான்."

"கலக்க மாட்டேன் சித்தப்பா."

"பாசம் கண்ணை மறைக்குதா?"

"ஊரே விஷம் வைக்குதுன்னு பயந்து கிடக்கான். நான் போடற டீயை மட்டுந்தான் நம்பிக் குடிக்கிறான். அதுலயும் கலந்துட்டா அவன் பயம் நிஜமாயிடும்."

"நாலு பேர் என்ன பேசுவாங்க தெரியுமா?"

"பேசட்டும். அந்த நாலு பேர் இங்க வந்து ஒரு வேளை சோறு போட்டதில்ல."

சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஏதாவது ஆயிட்டா?"

அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. அவளும் தினம் அதைத்தானே கேட்டுக்கொள்கிறாள்! ஆனாலும் தலை குனியவில்லை. "தன்னையோ இன்னொருத்தரையோ காயப்படுத்தற நிலைமை வந்தா ஆம்புலன்ஸை நானே கூப்பிடுவேன். அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுக் கூப்பிடுவேன்." பொட்டலத்தைப் பிரித்து, மாத்திரைகளைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"பட்டாத்தான் உனக்குப் புத்தி வரும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார் அவர்.

பட்டதென்னவோ அவள்தான். அந்த வாரமே, இறங்க வேண்டியவர்கள் மணியடித்துக் கத்தியும் காதில் விழாமல் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். வண்டியை ஓரங்கட்டி, கத்தியவர்களை இறக்கிவிட்டாள். டிப்போவில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தம்பியின் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலைல மனநல டாக்டர்கிட்ட போறேன். உனக்கு இல்ல, எனக்கு. தூக்கமே வரமாட்டேங்குது. கை நடுங்குது."

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. தாடி மண்டிய முகம் எட்டிப் பார்த்தது.

"தனியாவா?"

"ஆமா."

"உன்னை ஏமாத்திடுவாங்க. நானும் வரேன்."

"வா. ஆனா உன்னைப் பத்திக் கேட்டா ஒண்ணும் மறைக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அக்கா பேசி முடிக்கும்வரை தம்பி சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான். பிறகு வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணையைத் தொடங்கினான். என்ன மாத்திரை, எதற்கு, சாப்பிட்டால் என்ன செய்யும்? அவர் சலிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க தூங்கறீங்களா?"

"காவல் காக்கறவன் எப்படித் தூங்குவான்?"

"களைப்பா இல்லையா?"

அவன் சுவரை விட்டு விலகி நாற்காலியில் உட்கார்ந்தான். "இருக்கு" என்றான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் அவனுக்கென்று சொன்ன மாத்திரையை வேண்டாமென்றுவிட்டான். "எனக்கு நோயெல்லாம் கிடையாது. இவளுக்குத் துணைக்குத்தான் வந்தேன். அடுத்த வாரமும் வருவேன்."

வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். நாலைந்து தடவைக்குப் பிறகு, தூக்கத்துக்கென்று ஒரு மாத்திரையை அட்டையில் இருந்ததைப் படித்துப் பார்த்துத் தன் கையாலேயே பிரித்துப் போட்டுக்கொண்டான். பிறகு நிறுத்தினான். மறுபடி போட்டான். ஒரு நாள், "வரமாட்டேன் போ! நீங்க எல்லாரும் கூட்டு" என்று கத்தினான்.

"சரி. நான் போறேன்" என்று அவள் படியிறங்கினாள். கெஞ்சவில்லை.

நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. பின்னால் மூச்சிரைக்கும் சத்தம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தான்.

"உனக்காகத்தான் வரேன்" என்றான் முறைப்பாக.

"தெரியும்டா. ஏறு."