நகக்கண்ணில் நீலம்

மகனின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு ஆண்டி தேய்த்துக்கொண்டிருந்தார். சீயக்காய் போட்டுப் பார்த்தாயிற்று, தேங்காய் நாரால் அழுத்தியும் பார்த்தாயிற்று. நகக்கண்ணில் இருந்த நீலம் மட்டும் போவதாயில்லை.

ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து வெள்ளைத் துணியில் இறுகச் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். சுற்றினதைப் பிரிக்காதீர்கள், முகத்தையும் கைகாலையும் மட்டும் கழுவிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வளர்த்து ஆளாக்கின பிள்ளையில் குளிப்பாட்டக் கிடைத்தது அவ்வளவுதான். அதனால் அந்தக் கையை அவர் சீக்கிரத்தில் விடவில்லை.

"என்னடா இது, நகமெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்கு?" அண்ணன் அம்மாசி குனிந்து பார்த்தார். "தண்ணிக்குள்ள பூச்சி கீச்சி தொட்டிருக்குமோ?"

"தண்ணி குடிச்சதுதான்னு டாக்டரு சொல்லிட்டாருண்ணே."

"டாக்டரு சொன்னாரு சரி. இந்த நீலத்துக்கு என்ன சொன்னாரு?"

பந்தலுக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. பாம்பு என்றார் ஒருவர். ஏதாவது குடிச்சிட்டு இறங்கினானோ என்று இன்னொருவர் அடுத்தவர் காதில் சொன்னது ஆண்டியின் காதிலும் விழுந்தது. சாவு வீட்டில் மெல்லப் பேசுகிற பேச்சுதான் தூரம் போகும்.

"அது விஷமில்லங்க."

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். சாம்பல் நிறச் சட்டை, பேண்ட். மகன் ரஞ்சித் ஐடிஐக்குப் போட்டுக்கொண்டு போகும் அதே பட்டறை உடுப்பு. "வேலையில தொடுற மையிங்க. ரெண்டு இரும்பைச் சேக்குறப்போ ஒண்ணுல பூசி அழுத்துவோம். எங்க ஒட்டுதோ அங்க மேடு இருக்குன்னு அர்த்தம். அந்த இடத்தை மறுபடி அரத்தால தேய்ப்போம். ஒரு வாரம் ஆனாலும் நகத்துல இருந்து போவாது."

சொல்லிவிட்டுத் தன் விரல்களை விரித்துக் காட்டினாள். அவள் நகக்கண்ணிலும் நீலம்.

லிசி என்று ரஞ்சித் சொல்லி ஆண்டிக்குப் பெயர் தெரியும். ஃபிட்டர் பிரிவில் ஒரே பெண் அவள்தான். மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற இவன் பிடிப்பானுக்கு அடுத்த பிடிப்பான் அவளுடையது. "நான் அரம் போடுற சத்தத்தை வச்சே தப்புன்னு சொல்லிடுவாப்பா" என்பான். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் சோற்றைப் பார்த்துக்கொண்டு சொல்வான். ஆண்டியும் எதுவும் கேட்டதில்லை.

நேற்றுதான் கடைசி செய்முறைத் தேர்வு. ரெண்டு வருசப் படிப்புக்கு ஒரு நாள் வேலை. முடித்துவிட்டு உடம்பெல்லாம் இரும்புத்தூளோடு கூட்டாளிகளுடன் கொள்ளிடத்தில் இறங்கியிருக்கிறான். ஆடித் தண்ணீர் புதுசாக வந்திருந்தது. மணல் அள்ளிய பள்ளம் எது, ஆறு எது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. இறங்குவதற்கு முன்னால் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறான். "அம்மா, ரெண்டு துண்டையும் சேத்து வெளிச்சத்துல பிடிச்சேன். நடுவுல ஒரு துளி வெளிச்சம் வரலம்மா!" வள்ளிக்கண்ணு, "சரி சரி, வந்து சாப்பிடு" என்றிருக்கிறாள்.

சாவுச் செய்தி வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே புலம்பல்தான். "எம்புள்ள செஞ்ச இரும்பைக் கொண்டாந்து காட்டுங்கடா. நான் பாக்கலையே. பாக்கலையே நான்."

அம்மாசி தோளிலிருந்த துண்டைப் பிரித்தார். உள்ளே மூட்டை தூக்கும் கொக்கி இருந்தது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிற அவர்கள் வம்சத்தில் ஆண்பிள்ளை செத்தால் கையில் கொக்கி கொடுத்துத்தான் அனுப்புவார்கள். கொக்கி இல்லாமல் போனவன் அங்கேயும் வெறுங்கையால் தூக்கவேண்டி வரும் என்பது பேச்சு. அப்பாவுக்குக் கொடுத்தார்கள். சித்தப்பாவுக்குக் கொடுத்தார்கள்.

"நீ மறந்திருப்பேன்னு நானே எடுத்தாந்தேன்" என்றார் அம்மாசி.

"வேணாம்ணே."

"என்னடா வேணாம்?"

"அவன் கொக்கியைத் தொட்டதில்ல. நான் தொட விட்டதில்ல."

பையன் பத்தாவது முடித்த லீவில் மார்க்கெட்டுக்கு வந்து விளையாட்டாகக் கொக்கியை எடுத்தபோது ஆண்டி பிடுங்கி எறிந்தார். அவர் தோளில் காய்ப்பு ஏறி, மாட்டின் திமில் போல ஒரு கட்டி இருந்தது. அதைக் காட்டி எதுவும் சொல்லவில்லை. மறுவாரம் ஐடிஐயில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"வேற என்னத்தடா குடுப்பே? கை வெறுமையா போவக் கூடாது."

அப்போதுதான் லிசி தோள்பையைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வள்ளிக்கண்ணுவின் கையில் வைத்தாள்.

உள்ளங்கை அளவில் இரண்டு இரும்புத் துண்டுகள். ஒன்றில் நாக்கு போல நீட்டிக்கொண்டிருந்தது. மற்றதில் அதற்கேற்ற பள்ளம். வள்ளிக்கண்ணு இரண்டையும் சேர்த்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டது. தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தாள். வெளிச்சம் வரவில்லை. அவள் அழுகை அந்த இடத்தில் நின்றது. பிரித்தாள், சேர்த்தாள். பிறகு மறுபடியும் பிரித்துச் சேர்த்தாள்.

"இதைக் குடுத்தனுப்புங்க" என்றாள் புருசனிடம். "எம்புள்ள கையில இதைக் குடுங்க."

"ஏம்மா, இதை ஐடிஐயில கேக்கமாட்டாங்களா?" என்று அம்மாசி லிசியைக் கேட்டார்.

"இன்னிக்கு மத்தியானம் வெளியிலருந்து ஒருத்தர் வந்து எல்லார் வேலையையும் அளந்து பாத்து மார்க் போடுவாருங்க." அவள் குரல் இறங்கியது. "இல்லேன்னா... ஃபெயில்னு போடுவாங்க. பரவாயில்லங்க."

"அட போம்மா. செத்தவனுக்கு என்ன பாஸு, என்ன ஃபெயிலு! எமன் என்ன சர்டிபிகேட்டா கேக்கப் போறான்?"

யாரும் சிரிக்கவில்லை. ஆண்டி நினைத்துப் பார்த்தார். இந்த வீட்டில் ஒருவரும் எதிலும் பாஸானதில்லை. அவரே எழுத்தைக் கற்றது கல்யாணத்துக்கு அப்புறம், தெருவில் நடந்த இரவுப் பள்ளியில். அதற்குப் பரீட்சை கிடையாது. ஆனாலும் வள்ளிக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தபோது வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. இரும்பை வாங்கிக்கொண்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

விரிக்கும்போதுதான் இரும்பின் ஓரத்தில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தார். 41.

இரும்பைக் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வீட்டுக்குள் போனார். அடுப்பு பற்றவைக்காத சமையல்கட்டில் அவருடைய டிபன் டப்பா கவிழ்த்து வைத்திருந்தது. மார்க்கெட்டில் டப்பா மாறிப்போகிறது என்று அவர் ஒருநாள் சொன்னதற்கு, ரஞ்சித் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மூடியில் தன் எண்ணைக் குத்திக்கொண்டு வந்திருந்தான். "பரீட்சைக்கும் இதே நம்பர்தாம்பா. இனிமே ஊர்ல எவனும் உன் சோத்தைத் தொடமுடியாது" என்றான். ஆண்டி மூடியைத் தடவிப் பார்த்தார். 39. ஒன்பதின் வால் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அவருக்குத் தெரியாததா?

வாசலுக்கு வந்து லிசியைத் தண்ணீர் டிரம் பக்கம் கூப்பிட்டார்.

"இது யாரோடதும்மா?"

அவள் தோள்பையின் வாரை இறுக்கிக்கொண்டாள்.

"அவனோடது எங்க?"

"மேசை மேலயே இருக்குப்பா. நான் தொடல." கண்ணைத் துடைக்காமல் சொன்னாள். "அளந்தா அவன் நிச்சயம் பாஸாயிடுவான். என்னுதை விட அவனுது சுத்தம். அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்கன்னு பசங்க சொன்னாங்க. எனக்கு வேற வழி தெரியலப்பா."

"உன் வேலை இங்க இருந்தா உனக்கு?"

"அடுத்த தடவை செஞ்சுக்குவேன்."

"உங்க வீட்டுல விடுவாங்களா?"

அவள் டிரம்முக்குள் பார்த்தாள். "ஃபெயிலானா நிறுத்திடுவேன்னுதான் எங்கப்பா ரெண்டு வருசமா சொல்லிட்டிருக்காரு." பிறகு மெதுவாக, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா. அது அவன் செஞ்சதுன்னே இருக்கட்டும்" என்றாள்.

இந்தப் பெண் தன் மகனுக்கு யார் என்று ஆண்டி அப்போதும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அவள் தலையில் கைவைக்கப் போனவர் கையில் எண்ணெய் இருப்பதைப் பார்த்து இறக்கிக்கொண்டார்.

வள்ளிக்கண்ணு மகனின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். ஆண்டி அவளுக்கு எதிரே குந்தினார்.

"வள்ளி. இது திரும்பப் போகணும்."

"ஏங்க?"

"மார்க் போடணும்ல. அவன் பாஸாகட்டும்."

"இப்ப எதுக்குங்க அது? யாருக்கு?"

"நமக்குத்தான். நம்ம வீட்டுல ஒருத்தன் பாஸானான்னு இருக்கட்டும். அவன் ஃபெயிலாப் போயிட்டான்னு எழுத விடுவியா நீ?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். புருசன் பொய் சொல்லிக் கேட்டுப் பழகாதவள். இரும்பை வாங்கிக் கடைசியாக ஒருமுறை சேர்த்தாள், வெயிலுக்குப் பிடித்தாள். இரண்டு கண்ணிலும் ஒற்றினாள். கன்னத்தில் எண்ணெய் அப்பியது.

"பத்திரமா கொண்டுபோயிச் சேத்துடு தாயி" என்று லிசியின் கையில் வைத்து அவள் விரல்களை மடக்கிவிட்டாள். "கீழ போட்டுடாத. எம்புள்ள உசுரக் குடுத்துச் செஞ்சிருக்கான்."

லிசி தலையாட்டினாள்.

பக்கத்து வீட்டு தாஹா ஆட்டோவைத் திருப்பி நிறுத்தியிருந்தார். "அம்மா மண்டபம் படித்துறை பக்கம் ஆடிக் கூட்டம் நெரியுதுண்ணே. திருவானைக்காவல் வழியா சுத்திக் கொண்டுபோயி ஐடிஐயில நேரத்துக்கு விட்டுடுறேன். நீங்க இங்க பாருங்க."

"எடுக்குற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்பா" என்றாள் லிசி.

"இருந்தா நேரமாயிடும்மா. போ. போயிட்டு வா."

சாவு வீட்டில் போயிட்டு வா என்று சொல்லக்கூடாது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. யாரும் திருத்தவில்லை. அவள் ரஞ்சித்தின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

சங்கு ஊதினார்கள். அம்மாசி கொக்கியோடு மறுபடி வந்தார். கோபம் இறங்கி, கண் கலங்கிப்போயிருந்தது.

"கை வெறுமையா போவுதேடா தம்பி. அங்க போயி எம்புள்ள வெறுங்கையால தூக்கணுமா?"

"அவனுக்கு அங்க மூட்டை இல்லண்ணே."

வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் கடைசியாக ஒருவர் ஈரத்துணியால் அந்த நகங்களைத் துடைக்கப் போனார். ஆண்டி கையை நீட்டித் தடுத்தார்.

"இருக்கட்டும்ங்க. தேய்க்காதீங்க."

கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கொள்ளிடத்தில் இறங்கினார்கள். அம்மாசி எல்லாரையும் இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள் என்று அதட்டிக்கொண்டிருந்தார். தலை நனைய முழுகினால்தான் தீட்டு கழியும். தண்ணீர் செம்மண் நிறத்தில் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது, ஒன்றும் அறியாததுபோல.

முகத்தில் அள்ளி ஊற்றக் குனிந்தபோதுதான் ஆண்டி கவனித்தார். வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நீலம். இரும்பின் மூலையில் துடைக்காமல் விட்ட மை ஒட்டியிருக்கவேண்டும். மகனுக்கு நகத்தில் ஊறிப்போயிருந்தது. இவருக்கு மேலாகத்தான் பட்டிருந்தது. ஒரு தேய்ப்புக்குக் கூடத் தாங்காது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுகினார்.

"ஆண்டி! டேய் ஆண்டி!" கரையிலிருந்து அம்மாசி அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

தண்ணீருக்கு மேலே வலது கை மட்டும், நனையாமல் நின்றிருந்தது.